கட்டி முடிக்காத வீட்டுக்கு மாதம் 28,000 வாடகை எங்கிருந்து வரும்?

வாசகர் கேள்வி: நான் திருச்சியில் வசிக்கிறேன். வயது 62. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்காலப் பணத்தில் 28 லட்சத்தைச் சென்னையில் உள்ள ஒரு வீட்டு முதலீட்டு நிறுவனத்தில் போடலாமா என்று யோசிக்கிறேன். கேளம்பாக்கம் அருகே கட்டிவரும் அடுக்குமாடியில் 560 சதுர அடி, ஒரு படுக்கையறை வீடு. சதுர அடி 5,000 ரூபாய். முழுப்பணத்தையும் கட்டினால் அடுத்த மாதத்திலிருந்தே 28,000 ரூபாய் 'உறுதி வாடகை' வருமாம். மூன்று ஆண்டு முடிந்ததும் 35 லட்சத்துக்கு அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். 200 ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும் 36 காசோலைகளும் தருவார்கள். என் மனைவி பெயரில் 5 லட்சத்துக்கு வேறொரு கட்டடத்தில் 'பங்கு' வாங்கலாம் என்றும் சொல்கிறார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு எட்டு மாதமாகத் தேதி தவறாமல் பணம் வருகிறது. பெங்களூரில் இருக்கும் மகன் வேண்டாம் என்கிறான். ஒரு லட்சம் முன்பணம் கட்டிவிட்டேன். என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, மீதி 27 லட்சத்தைக் கட்டாதீர்கள். கட்டிய ஒரு லட்சத்தைத் திரும்பக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று பின்னால் எழுதியிருக்கிறேன். மகன் சொல்வது சரிதான். ஆனால் எதிர்வீட்டில் மாதாமாதம் பணம் வரும்போது வெறுமனே 'வேண்டாம்' என்றால் மனசு கேட்காது. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

கேளம்பாக்கம் பக்கத்தில் அந்த அளவு வீடு, கட்டி முடித்து ஆள் குடியேறிய பிறகு, மாதம் 10,000 ரூபாய்க்குப் போனால் நல்ல வாடகை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 1.2 லட்சம், அதாவது 28 லட்சத்துக்கு 4.3 சதவீதம். சென்னையில் குடியிருப்பு வீட்டின் வாடகை வரவு பெரும்பாலும் வீட்டு விலையில் 3, 4 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. உங்களுக்குச் சொல்லியிருப்பதோ 12 சதவீதம், அதுவும் இன்னும் தளம் போட்டுக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு. குடியிருக்க ஆளே இல்லாத வீட்டுக்கு வாடகை கொடுப்பது யார்? நீங்கள் கட்டிய பணத்திலிருந்து வரலாம், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் கட்டும் பணத்திலிருந்து வரலாம். நிறுவனத்துக்கு வேறு தொழிலில் லாபம் இருந்தால் அதிலிருந்தும் வரலாம். மூன்றாவது வழி உண்மையானால் அதைத் தணிக்கை செய்த கணக்கில் காட்ட முடியும். கேட்டுப் பாருங்கள்.

இப்போது நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். 36 மாதம் 28,000 என்றால் 10.08 லட்சம். கடைசியில் விலைக்கு மேல் 7 லட்சம். உங்கள் 28 லட்சத்தை மூன்று ஆண்டு வைத்திருக்க அவர்கள் 17.08 லட்சம் கொடுக்க ஒப்புக்கொள்கிறார்கள். வட்டியாகக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்றரை வட்டி, ஆண்டுக்கு 18 சதவீதத்துக்குச் சற்று மேல். பத்திரமும் அனுமதியும் சரியாக உள்ள கட்டுநருக்கு வங்கி இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும். ஆனால் வங்கி மூலப் பத்திரம் கேட்கும், வில்லங்கம் பார்க்கும், கட்டட வேலையின் படிநிலை பார்த்துத்தான் பணத்தை விடுவிக்கும், நிலத்தையும் அடமானமாக எழுதி வாங்கிக்கொள்ளும். உங்களிடம் இவை எதுவும் இல்லாமல் 200 ரூபாய்த் தாளில் வேலை முடிகிறது. பெயர் என்னவாக இருந்தாலும் இது ஈடில்லாத கடன். வீடு வாங்கலாமா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த நிறுவனத்துக்கு ஈடில்லாமல் 28 லட்சம் கடன் கொடுப்பேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெரா என்ற வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் இந்தத் திட்டம் இன்னும் இடிக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ கட்டுகிறவர் திட்டத்தைப் பதிவு செய்தே விற்க வேண்டும். வாங்குபவர்களிடம் வசூலிக்கும் தொகையில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்று உள்ள தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதை எடுக்கலாம், அதுவும் பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று கொடுத்த பிறகு. உங்கள் 28 லட்சத்தில் 70 சதவீதம் 19.6 லட்சம். நிறுவனம் தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடியது மீதி 8.4 லட்சம். உங்களுக்குத் தர வேண்டிய 'வாடகை'யே 10.08 லட்சம்! அலுவலகச் செலவு, விளம்பரம், உங்களை அழைத்து வந்தவருக்குக் கமிஷன் எல்லாம் அதற்கு மேல். சட்டப்படி நடந்தால் உங்கள் பணத்திலிருந்து வாடகை தர முடியாது. உங்கள் பணத்திலிருந்து வாடகை தந்தால் சட்டப்படி நடக்கவில்லை.

ஒருவேளை அந்த நிறுவனம் கட்டுநரே இல்லாமல் இருக்கலாம். வேறொருவர் கட்டும் கட்டடத்தில் மொத்தமாகச் சில வீடுகளைப் பேசி வைத்துக்கொண்டு விற்பதும் நடக்கிறது. அப்படியானால் நீங்கள் முதலீட்டு நிறுவனத்தின் கணக்கில் போடும் பணம் கட்டடத்தின் தனிக் கணக்குக்குப் போய்ச் சேரும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. உங்கள் ஒரு லட்ச ரூபாய் ரசீதை எடுத்து, பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ரெரா தளத்தில் அந்தத் திட்டத்தின் கட்டுநராகப் பதிவாகியிருக்கும் பெயரும் அதுவும் ஒன்றா? விளம்பரத் தாளில் இருக்கும் ரெரா எண்ணையும் நன்றாகப் படியுங்கள். திட்டப் பதிவு எண்ணில் 'பில்டிங்' என்றோ 'லேஅவுட்' என்றோ இருக்கும். 'ஏஜென்ட்' என்று இருந்தால் அது தரகருக்கான பதிவு, கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜி.எஸ்.டி. எண்ணையும் கம்பெனிப் பதிவு எண்ணையும் காட்டி 'அரசுப் பதிவு பெற்றது' என்று சொல்வதும் வழக்கம். இரண்டும் பெட்டிக்கடை நடத்துபவர்கூட வாங்கக்கூடியவைதான்.

விலையைப் பற்றி ஒரு சின்னச் சோதனை. நிறுவனத்துக்குப் போன் போட்டு, 'எனக்கு உறுதி வாடகையும் வேண்டாம், திரும்ப வாங்கவும் வேண்டாம், வெறும் வீட்டுக்கு என்ன விலை?' என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டடங்களிலும் விலை விசாரியுங்கள். சதுர அடி 4,300 என்று ஒரு பதில் வந்தால், 700 ரூபாய் வித்தியாசம் 560 சதுர அடிக்கு 3.92 லட்சம். சரியாக 14 மாத 'உறுதி வாடகை'. முதல் 14 மாதம் உங்கள் பையிலிருந்து எடுத்த பணத்தையே உங்களிடம் தருகிறார்கள் என்று அர்த்தம். 560 என்பது எந்தப் பரப்பு என்பதையும் கேளுங்கள். ரெரா சட்டப்படி விலை பேச வேண்டியது கார்ப்பெட் பரப்பில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பில். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்த்த விற்பனைப் பரப்பு 560 என்றால் சுவருக்குள் உங்களுக்குக் கிடைப்பது 400 சதுர அடி அளவுக்கு இறங்கிவிடும்.

அடுத்தது அந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரெரா சட்டத்தின் 13-ஆவது பிரிவு. உங்கள் விஷயத்தில் 2.8 லட்சம். முழு 28 லட்சத்தையும் பதிவில்லாத தாளை வைத்துக்கொண்டு கேட்பதே விதிமீறல். இது சம்பிரதாயத்துக்கான விதி அல்ல. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அதே வீட்டை இன்னொருவருக்கு எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும். பதிவில்லாத தாள் எங்கேயும் ஏறாது. ஒரே வீட்டை நான்கு பேருக்குக் காட்டினாலும் நான்கு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. முறையான ஒப்பந்தம் இருந்து, சொன்ன தேதியில் வீடு வரவில்லை என்றால், வெளியேறி முழுப்பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி அந்த வட்டி ஸ்டேட் வங்கி கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டியது.

இப்படிப்பட்ட தாள்களில் சில வரிகள் வழக்கமாக இருக்கும். உங்களிடம் மாதிரிப் படிவம் கொடுத்திருந்தால் தேடிப் பாருங்கள். வீட்டு எண்ணும் மாடியும் குறிப்பிடாமல் 'நிறுவனம் ஒதுக்கும் ஓர் அலகு' என்று இருக்கும். அப்படி இருந்தால் எந்த வீட்டுக்கும் நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. வீடு ஒதுக்கப்பட்டவர் என்ற நிலையே இல்லாதபோது ரெரா ஆணையத்தில் உங்கள் புகார் நிற்பது கடினம். திரும்ப வாங்கும் பத்தியில் 'முதல் தரப்பினர் விரும்பினால்', 'அப்போதைய சந்தை நிலவரத்துக்கு உட்பட்டு' என்ற சொற்கள் ஒளிந்திருக்கும். 35 லட்சம் என்று வாயால் சொன்னது அங்கேயே காலியாகிவிடும். 'பிரிக்கப்படாத மனைப் பாகம்' என்ற யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்பது பெரும்பாலும் இருக்கவே இருக்காது.

காசோலைகளை நம்பித்தான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். 36 காசோலை கையில் இருப்பது 36 மாதப் பணம் கையில் இருப்பதாகாது. காசோலையில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு உயிர். திரும்பினால், வங்கியின் குறிப்பு கிடைத்த 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர்கள் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். நடுவில் ஒரு கெடு தவறினாலும் சிக்கல். 'இந்த மாதம் மட்டும் வங்கியில் போடாதீர்கள், அடுத்த வாரம் ரொக்கமாகத் தருகிறோம்' என்று தன்மையாகப் பேசியே பலரின் கெடுவைத் தாண்ட வைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட இயக்குநர் அதற்குள் பதவி விலகியிருப்பதும் உண்டு.

நிறுவனம் திவாலானால்? வீடு வாங்கியவர்கள் நிதிக் கடன் கொடுத்தவர்களாகவே கருதப்படுவார்கள் என்று 2018-இல் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் உறுதியான வருமானமும் திரும்ப வாங்கும் வாக்குறுதியும் உள்ள ஒப்பந்தக்காரர்களை ஊக வணிக முதலீட்டாளர்களாகப் பார்த்து, அவர்கள் திவால் நடவடிக்கையைத் தொடங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. உங்களை ஈர்த்த அந்த இரண்டு வாக்குறுதிகளே நாளை உங்களுக்கு எதிராக நிற்கும்.

வருமான வரியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வாடகை வருமானத்துக்கு 30 சதவீதக் கழிவு உண்டு என்று சொல்லியிருப்பார்கள். வீடே இல்லாதபோது வருவது வாடகை ஆகாது. இதர வருமானமாக முழுத்தொகைக்கும் வரி வரும்.

உங்கள் மனைவி பெயரிலான 5 லட்சப் 'பங்கு' இதைவிட மோசம். பலர் பணத்தைச் சேர்த்து ஒரு கட்டடம் வாங்கி வாடகையைப் பங்கிடுவதற்கு, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 மார்ச்சில் சிறு, நடுத்தர ரீட் என்ற முறையைக் கொண்டு வந்தது. அதில் ஒரு திட்டத்தின் சொத்து மதிப்பு குறைந்தது 50 கோடி, முதலீட்டாளர்கள் குறைந்தது 200 பேர், ஒரு யூனிட்டின் விலை குறைந்தது 10 லட்சம். உங்களுக்குக் காட்டும் 5 லட்சம் அந்த வாசலுக்கே வராது. செபி அனுமதி இல்லாமல் பணம் திரட்டுவதும், வருமானம் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதும் சட்டவிரோதம். 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் இதற்கென்றே வந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

நிறுவனத்தைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ள 100 ரூபாய் போதும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் கட்டணத்தைச் செலுத்தினால் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களை மூன்று மணி நேரம் பார்க்கலாம். மகனிடம் சொன்னால் அங்கிருந்தே செய்துவிடுவார். செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறார்கள், இயக்குநர்கள் எத்தனை முறை மாறியிருக்கிறார்கள், சொத்துகள் யாரிடம் அடமானத்தில் உள்ளன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லட்ச ரூபாய் மூலதனம் உள்ள கம்பெனி ஊரெல்லாம் 12 சதவீதத்துக்கு உறுதி கொடுப்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். நிலத்தின் வில்லங்கத்தைத் தமிழ்நாடு பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். வங்கிக்குப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் அந்தப் பதிவும் அதில் தெரியும். அப்படி இருந்தால், நீங்கள் வாங்கும் வீட்டுக்கு அந்த வங்கியின் ஆட்சேபணையின்மைச் சான்று இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

சரி, 28 லட்சத்தை என்ன செய்வது? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,29,600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 57,400 உங்கள் கணக்கில் விழும். மாதத்துக்கு 19,100 சொச்சம். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். அஞ்சலகத்திலேயே போடலாம். போடும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டு முழுவதும் மாறாது. நிறுவனம் சொல்லும் 28,000-க்கும் இதற்கும் வித்தியாசம் மாதம் 9,000 ரூபாய்க்குள். அந்த 9,000-க்காகத்தான் 28 லட்சத்தையும் பணயம் வைக்கச் சொல்கிறார்கள்.

வீடாகத்தான் வேண்டும் என்றால் கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய சின்ன வீடு பாருங்கள். நிறைவுச் சான்றுக்குப் பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கட்டுநரிடம் முதல் விற்பனையாக வாங்கினால், 50 லட்சம் வரை உள்ள வீட்டுக்கு 2023 டிசம்பரில் வந்த, மனைப் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறைப்படி முத்திரைத்தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 28 லட்சத்துக்கு 1.68 லட்சம். மறுவிற்பனை வீடானால் மொத்தம் 9 சதவீதம், 2.52 லட்சம். ஆண்டுக்கு ஒரு மாதம் காலி, சொத்து வரி, பெயின்ட், குழாய் வேலை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 95,000 ரூபாய் அளவில், போட்ட பணத்துக்கு 3.2 சதவீதம். திருச்சியில் இருந்துகொண்டு கேளம்பாக்கத்து மோட்டார் ரிப்பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். மகன் நாளைக்குக் குடியிருப்பான் என்பதுபோல் வேறு காரணம் இருந்தால் வாங்கலாம். மாத வருமானத்துக்காக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி உங்கள் ஒரு லட்சம். போனில் பேசாதீர்கள், பேசினாலும் அதோடு விடாதீர்கள். ரசீது எண், தேதி, கட்டிய முறை, வங்கிக் குறிப்பு எண் எல்லாம் எழுதி, 'விற்பனை ஒப்பந்தம் எதிலும் நான் கையெழுத்திடவில்லை, முன்பதிவை ரத்து செய்கிறேன், 15 நாளுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் முழுத்தொகையையும் செலுத்தவும்' என்று ஒரு பக்கக் கடிதம் போதும். ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு, நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் போடுங்கள். ரசீதின் பின்பக்கம் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் கேளுங்கள். வேறு திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம், ஆறு மாதம் தள்ளிய தேதியில் காசோலை தருகிறோம் என்பார்கள், இரண்டுக்கும் ஒப்ப வேண்டாம். அசல் ரசீதைப் பணம் வரும்வரை கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். 15 நாளில் வரவில்லை என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் இணையவழியாகவே புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் நீங்கள் வசிக்கும் திருச்சி மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. முதலீட்டாளர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் ரசீதில் 'வீட்டு முன்பணம்' என்று இருக்கிறதா என்பது முக்கியம்.

எதிர்வீட்டுக்காரர் உங்களைப் போலவே 28 லட்சம் கட்டியிருந்தால் இதுவரை அவருக்கு வந்தது 2.24 லட்சம். 25.76 லட்சம் இன்னும் வெளியேதான் இருக்கிறது. அவர் நல்ல மனதோடுதான் உங்களிடம் சொல்லியிருப்பார். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் இந்த நேரம்தான் அவர் எதையும் கேட்கத் தோதான நேரம். வீட்டு எண், மாடி, கார்ப்பெட் பரப்பு, மனைப் பாகம் குறிப்பிட்டு விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தரும்படி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஒப்பந்தம், ரசீதுகள், காசோலை நகல்கள், எட்டு மாத வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். ஒரு மாதத் தொகை தவறினாலும், அடுத்த மாதம் வரை காத்திருக்காமல், திரும்பிய காசோலையின் 30 நாள் கெடுவை அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். வாக்குறுதி கொடுத்த பணம் வராமல் போனால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். அங்கு முதலில் கேட்பது பணம் கொடுத்ததற்கான வங்கி ஆதாரம். அவர் ரொக்கமாக ஏதாவது கொடுத்திருந்தால், அதற்கு ரசீது இருக்கிறதா என்று இப்போதே தேடச் சொல்லுங்கள்.